ஆக்ஸிஜன் சென்சார் கோடு திரும்பத் திரும்ப வந்தால்

டீச்சரம்மா சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அந்த மஞ்ச லைட்டு மறுபடியும் வந்துருச்சு தம்பி. எதை வேணா பாரு. சென்சாரை மாத்தணும்னு மட்டும் சொல்லாத" என்றார். அந்த மஞ்சள் விளக்கு செக் என்ஜின் விளக்கு. அது எரிந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் ஒரு பிழை எண்ணைப் பதிவு செய்திருக்கும், அதைத்தான் கோடு என்கிறோம். அவர் வண்டியில் வந்தது ஆக்ஸிஜன் சென்சார் கோடு. பதினாலு மாதத்தில் மூன்று சென்சார் போட்டாகிவிட்டது. முதலாவதைப் போட்டது நான். அடுத்த இரண்டும் வேறு இடங்களில். நாலாவது முறை விளக்கு எரிந்ததும் திரும்ப என்னிடமே வந்துவிட்டார். என் மகளுக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர், அந்த உரிமை.

பெங்களூர் அல்சூரில் கேரேஜ் வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. கார்புரேட்டர் வண்டியில் தொழில் கற்றவன் நான். கோடைப் படிக்கிற ஸ்கேனர் கையில் வந்த புதிதில் எல்லா மெக்கானிக்கும் செய்கிற தப்பை நானும் செய்தேன். திரையில் எந்தப் பார்ட்டின் பேர் வருகிறதோ அதை மாற்றுவது. ஆக்ஸிஜன் சென்சார் விஷயத்தில் இது, கோள் சொன்னவனை அடித்துவிட்டுத் தப்பு செய்தவனை வீட்டுக்கு அனுப்புகிற கதை. இந்தக் கோடு ஒரு தடவை வந்தால் சென்சார் வயசாகிப் போயிருக்கலாம். புது சென்சார் போட்ட பிறகும் வந்தால், நீங்கள் தேட வேண்டியது வேறு எதையோ.

சென்சாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான். அதன் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் சைலன்சர் புகை. இரண்டிலும் இருக்கிற ஆக்ஸிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப அது ஒரு சின்ன வோல்டேஜ் கொடுக்கும். புகையில் ஆக்ஸிஜன் மிச்சமில்லை என்றால் 0.8, 0.9 வோல்ட், அதாவது ரிச், பெட்ரோல் அதிகம். ஆக்ஸிஜன் மிச்சமிருந்தால் 0.1, 0.2; அதாவது லீன், பெட்ரோல் குறைவு. நடுவில் 0.45. பீங்கான் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும் என்பதால் உள்ளே ஒரு ஹீட்டர். 1976-ல் வோல்வோ வண்டியில் பாஷ் கம்பெனி முதன்முதலாகப் போட்ட சென்சாரில் ஹீட்டர் கிடையாது, பின்னால் வந்தது. அடிப்படை வேலை இன்றைக்கும் அதேதான்.

கவனியுங்கள், அதற்குப் பெட்ரோல் தெரியாது. ஆக்ஸிஜன் மட்டும்தான் தெரியும். ஒரு பிளக் தீப்பொறி விடாமல் மிஸ் அடித்தால் எரியாத பெட்ரோலும் எரியாத காற்றும் சேர்ந்தே சைலன்சருக்குப் போகும். நம் மூக்குக்குப் பெட்ரோல் வாடை அடிக்கும். சென்சாரோ "லீன், லீன்" என்று கத்தும். அதைக் கேட்டு ஈசியூ, அதாவது என்ஜினை ஆளும் கம்ப்யூட்டர், இன்னும் பெட்ரோல் ஊற்றும். சைலன்சரில் ஒரு ஓட்டை இருந்தாலும் இதே கூத்துதான். ஆகவே மிஸ்ஸிங் கோடும் சென்சார் கோடும் சேர்ந்து வந்தால் மிஸ்ஸிங்கை முதலில் பாருங்கள். பிளக், காயில் முடித்துவிட்டு மற்றது.

கோடை அழிக்கும் முன்

கோடு பதிவான நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்பதை ஈசியூ ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். ஆர்பிஎம், ஸ்பீடு, கூலன்ட் சூடு, லோடு, ஃப்யூவல் டிரிம் எல்லாம் அதில் இருக்கும். டிரிம் என்பது ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்ற கணக்கு; ஷார்ட் டிரிம் அந்த நொடிக்கு, லாங் டிரிம் பழகி நிலைத்தது. கோடை அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலும் போய்விடும். "டெர்மினலை ரெண்டு நிமிஷம் கழட்டி மாட்டுங்க, லைட் போயிடும்" என்று அறிவுரை சொல்பவர்கள் தடயத்தை அழித்துத்தான் கொடுக்கிறார்கள்.

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.4 பெட்ரோல் வண்டியோ, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டியோ இருந்தால் கோடு படிக்க வழி செய்யும் ஓபிடி-2 கட்டாயம் இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் சாக்கெட். ஒரு ப்ளூடூத் ஈஎல்எம்327 கருவியும் போனில் ஒரு ஆப்பும் போதும். முதல் தடவை டீச்சரம்மா வண்டியில் நான் ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பி0131, அதாவது முன் சென்சாரில் வோல்டேஜ் குறைவு என்று வந்தது, சென்சார் போட்டேன், அழித்தேன். நாலாவது முறைதான் பேப்பர் எடுத்து எழுதினேன். கூலன்ட் 46 டிகிரி. ஸ்பீடு 22. ஷார்ட் டிரிம் பிளஸ் 19, லாங் டிரிம் பிளஸ் 11.

46 டிகிரி என்றால் வண்டி கிளம்பி இரண்டு, மூன்று நிமிஷம்தான் ஆகியிருக்கும். என் கேரேஜுக்கு அது வரும்போது 90 டிகிரியில் வரும். நான் சூடான என்ஜினையே தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எந்த சென்சார், என்ன புகார்

பேங்க் என்றால் சிலிண்டர் வரிசை; நாலு சிலிண்டர் வண்டியில் பேங்க் 1 மட்டும்தான். சென்சார் 1 என்பது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டுக்கு முன்னால் இருப்பது, சென்சார் 2 பின்னால் இருப்பது. இது தெரியாமல் கைக்கு எட்டுகிறதை மாற்றிவிட்டு "போட்டும் கோடு போகல" என்று வருகிற வண்டிகள் மாதத்துக்கு ஒன்றாவது வரும். பி0130-லிருந்து பி0135 வரை முன் சென்சார், பி0136-லிருந்து பி0141 வரை பின் சென்சார். முன்னதில் 31 என்றால் வோல்டேஜ் குறைவாகவே நிற்கிறது, 32 என்றால் அதிகமாகவே நிற்கிறது, 33 என்றால் மந்தம், 34 என்றால் அசைவே இல்லை, 35 என்றால் ஹீட்டர் சர்க்யூட். பின்னதில் 37 குறைவு, 38 அதிகம், 40 அசைவில்லை, 41 ஹீட்டர்.

பி0420 வந்தால் பின் சென்சாரை மாற்றுபவர்களும் உண்டு. அது கேட்டலிஸ்டைப் பற்றிய கோடு. பின் சென்சார் 0.6, 0.7-ல் சாந்தமாக நிற்க வேண்டும்; முன் சென்சார் போலவே மேலும் கீழும் ஆடினால் கேட்டலிஸ்ட் போய்விட்டது, அல்லது அங்கே புகை லீக். சென்சாருக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு ஸ்பேசர் போட்டு ஏமாற்றித் தரச் சொல்லிக் கேட்பார்கள். நான் செய்வதில்லை.

ஹீட்டர் கோடு திரும்ப வந்தால்

பி0135, பி0141 இரண்டுக்கும் பெட்ரோல், காற்று எதிலும் சம்பந்தமில்லை. இது முழுக்க கரன்ட் வேலை, அதனால் கண்டுபிடிப்பது சுலபம். சென்சார் வயரை வண்டி வயரோடு இணைக்கும் கப்ளரைக் கழற்றுங்கள். சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இரண்டு வயர் இருக்கும், அதுதான் ஹீட்டர். பாஷ் வகையில் இரண்டு வெள்ளை, கறுப்பு சிக்னல், சாம்பல் கிரவுண்ட். டென்சோ வகையில் இரண்டு கறுப்பு, நீலம் சிக்னல், வெள்ளை கிரவுண்ட். என்ஜின் ஆறிய நிலையில் ஹீட்டர் வயர்கள் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். வண்டியைப் பொறுத்து மாறும், ஆனால் நாலு வயர் சென்சாரில் பெரும்பாலும் நாலிலிருந்து பதினைந்து ஓமுக்குள் வரும். ஓப்பன், அதாவது உள்ளே அறுந்திருப்பதாகக் காட்டினால் சென்சார் போனது உறுதி, வாக்குவாதம் வேண்டாம்.

ஓம் சரியாக இருந்தால் வண்டிப் பக்கக் கப்ளருக்கு வாருங்கள். ஒரு பின்னில் சாவி போட்டதும், சில வண்டியில் என்ஜின் ஓடும்போது, பேட்டரி வோல்டேஜ் வரும். இன்னொரு பின்னை ஈசியூ உள்ளிருந்து கிரவுண்ட் கொடுத்துக் கொடுத்து எடுக்கும். இங்கே மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரன்ட்டே இழுப்பதில்லை. பத்து வாட் பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப்பை சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வையுங்கள். பல்பு முழுசாக எரிந்தால்தான் அந்த லைன் சரி. மினுக்கு மினுக்கென்றால் வழியில் எங்கோ பாதி அறுந்திருக்கிறது. ஈசியூவின் கன்ட்ரோல் பின்னில் மட்டும் இந்தப் பல்பைப் பிடிக்காதீர்கள்.

போன வருஷம் ஒரு டாக்ஸி. தர்மபுரிக்காரத் தம்பி ஒருவர் ஓட்டுவது, தினமும் ஏர்போர்ட் ட்ரிப். ஹீட்டர் ஃபியூஸ் வாரம் ஒருமுறை போகும். "அண்ணா, ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்குனா லைட் வருது" என்றார். இந்த ஒரு வாக்கியம் போதும். ஃபியூஸைப் பெரிசாக்கிக் கொடுத்திருந்தார்கள் வேறு எங்கோ. 10 ஆம்ப் இடத்தில் 20. லிஃப்டில் ஏற்றி சென்சார் வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் பக்கம் திரும்புகிற இடத்தில் வயர் கருகி, தேன் பிசுக்குப் போல விரலில் ஒட்டியது. மூன்று மாதம் முன்னால் கிளட்ச் வேலை நடந்திருக்கிறது. கியர்பாக்ஸை ஏற்றியவர் வயரைப் பிடிக்கும் ஒரு கிளிப்பை மாட்ட மறந்துவிட்டார். குலுங்கும்போதெல்லாம் வயர் சைலன்சரைத் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. எத்தனை சென்சார் போட்டாலும் அந்த இடம் கருகத்தான் செய்யும்.

அதனால் கோடு திரும்பினால், அதற்கு முன்னால் வண்டியில் என்ன வேலை நடந்தது என்று கேளுங்கள். கிளட்ச், என்ஜின் மவுண்ட், சைலன்சர் வெல்டிங், சிஎன்ஜி கிட். கிட் மாட்டும்போது சென்சாரின் சிக்னல் வயரை உரித்து, இன்னொரு வயரை முறுக்கி, டேப் சுற்றி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மழைக்காலம் தாங்கும். அப்புறம் பச்சை பூக்கும். பேஸ்மென்டில் நிற்கிற அபார்ட்மென்ட் வண்டி என்றால் எலியையும் பட்டியலில் சேருங்கள். வைட்ஃபீல்டு பக்கத்திலிருந்து வந்த ஒரு வண்டியில் கப்ளருக்கு ஒரு சாண் முன்னால் வயர், பென்சில் சீவியது போலக் கடிக்கப்பட்டிருந்தது.

வயரை ஒட்டுப்போடும்போது ஒன்று. சென்சார் பக்க வயரில் ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள். பல சென்சார்கள் உள்ளே தேவைப்படும் வெளிக்காற்றை அந்த வயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயம் அதை அடைத்துவிடும். கப்ளரில் கிரீஸ், கான்டாக்ட் கிளீனர் அடிப்பதும் அதே தப்பு. கிரிம்ப் போடுங்கள், அல்லது சரியான கப்ளரோடு வருகிற சென்சாரையே வாங்குங்கள்.

லீன் என்று சொல்லும் கோடுகள்

பி0131 அடிக்கடி, கூடவே சில சமயம் கலவையே லீன் என்று சொல்லும் பி0171. அதிகம் ஏமாற்றுவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் சென்சாரின் வாக்குமூலத்தைச் சரிபார்க்க வேண்டும். என்ஜினை நன்றாகச் சூடாக்கி 2500 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். ஸ்கேனரில் முன் சென்சாரின் கிராஃப் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். பத்து நொடியில் எட்டுத் தடவைக்குக் குறையாமல் என்பது பழைய கணக்கு. அது கீழேயே படுத்திருந்தால், ஏர் ஃபில்டர் பைப்புக்குள் கார்புரேட்டர் கிளீனரை ஒரே ஒரு நொடி அடியுங்கள். சைலன்சர் பக்கம் ஒரு துளிகூடத் தெறிக்கக் கூடாது, தீப்பிடிக்கும். வோல்டேஜ் சட்டென்று 0.8-க்கு மேல் தாவினால் சென்சார் உயிரோடு இருக்கிறது, அது சொல்வதைக் கேளுங்கள். தாவவே இல்லை என்றால் கப்ளரைக் கழற்றிவிட்டு ஸ்கேனரில் அதே எண்ணைப் பாருங்கள். பல வண்டிகளில் ஈசியூ சும்மா இருக்கும்போது 0.45 வைத்திருக்கும். கழற்றிய பிறகும் பூஜ்யமே காட்டினால் சிக்னல் வயர் எங்கோ பாடியில் உரசி ஷார்ட். 0.45-க்கு ஏறினால் வயர் நன்று, சென்சார்தான் செத்தது.

இந்தச் சோதனை எல்லாம் சிர்கோனியா சென்சாருக்கு. ஐந்து, ஆறு வயர் இருந்தாலோ, ஸ்கேனரில் வோல்ட்டுக்குப் பதில் லாம்ப்டா 1.00 என்று வந்தாலோ அது வைட்பேண்ட். புது வண்டிகளில் முன்பக்கம் அதிகம் வருவது அதுதான். அது ஆடாது, ஒரே எண்ணில் நிற்கும். அதில் மல்டிமீட்டரைக் குத்தி 0.45 தேடினால் குழப்பமே மிஞ்சும். ஸ்கேனரில் மட்டும் பாருங்கள்.

சென்சார் நன்றாக இருக்கிறது, லீன் என்கிறது. இப்போது டிரிம். லாங்கையும் ஷார்ட்டையும் கூட்டுங்கள். பிளஸ் பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலிங்கில் பிளஸ் இருபது, 2500-ல் பிளஸ் நாலு என்று இறங்கினால் இன்டேக் பக்கம் காற்று திருட்டுத்தனமாகப் போகிறது. வெடித்த வேக்யூம் ஹோஸ், என்ஜினின் உள்புகையை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி பைப், இன்டேக் மேனிஃபோல்டு பேக்கிங். நேர்மாறாக, ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து லோடு ஏறும்போது டிரிமும் ஏறினால் ஃப்யூவல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர். எந்த நேரமும் ஏறியே இருந்து, மேலே சொன்ன எதுவும் சிக்கவில்லை என்றால் சைலன்சர் லீக்.

நடுவில் ஈ20 பெட்ரோல். 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி இதே பெங்களூரில்தான் அதைத் தொடங்கிவைத்தார்கள். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது, அதனால் அதே காற்றுக்கு அளவில் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் தேவை. பத்து சதவீதக் கலவையிலிருந்து இருபதுக்குப் போனால் டிரிம் சுமார் நாலு ஏறும். தனியாக அது கோடு கொண்டுவராது. ஏற்கெனவே ஒரு சின்ன லீக்கால் விளிம்பில் நிற்கிற பழைய வண்டியை அந்த நாலு தள்ளிவிடும். "ரெண்டு வருஷம் முன்னால வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்பவர்களுக்கு என் பதில் அதுதான்.

இன்னொரு நம்மூர்க் கணக்கு. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் போட்டு ஸ்கேனரில், இன்டேக் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் எண்ணைப் பாருங்கள். இங்கே 91 கிலோபாஸ்கல் பக்கம் வர வேண்டும். சென்னையில்தான் 101. அல்சூரில் நிற்கிற வண்டி 101 காட்டினால் மேப் சென்சார் பொய் சொல்கிறது, இல்லாத காற்றுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது. ரிச் கோடு, பி0132, பி0172 வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதை. அப்புறம் ஒழுகும் இன்ஜெக்டர், பெட்ரோல் கலந்த என்ஜின் ஆயில், டேங்கின் பெட்ரோல் ஆவியை என்ஜினுக்கு விடும் கேனிஸ்டர் வால்வு அடையாமல் திறந்தே நிற்பது.

டீச்சரம்மா வண்டிக்கு வருகிறேன். சூடான பிறகு டிரிம் பிளஸ் ஐந்து, கிராஃப் அழகாக ஆடியது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பேப்பரில் எழுதியிருந்த 46 டிகிரியைப் பார்த்தேன். "நாளைக்குக் காலைல வண்டிய எடுக்காதீங்க டீச்சர், நான் வீட்டுக்கு வரேன்" என்று அவரை வண்டியோடு அனுப்பினேன்.

காலை ஆறு மணிக்கு மர்ஃபி டவுன். முந்தின நாள் மதியத்திலிருந்து அசையாத வண்டி. வீட்டிலிருந்து வேக்யூம் கிளீனரை எடுத்துப் போயிருந்தேன். அதன் ஊதுகிற பக்கத்து ஹோஸை சைலன்சர் முனையில் வைத்து ஈரத் துணியைச் சுற்றி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே காற்றை உள்ளே அனுப்பினேன். என்ஜின் ஹெட்டிலிருந்து புகையை வெளியே எடுக்கும் மேனிஃபோல்டின் ஹீட் ஷீல்டு மூன்று போல்ட்டில் கழன்றது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஸ்ப்ரே பாட்டிலில் போட்டு, ஹெட்டும் மேனிஃபோல்டும் சேருகிற கோட்டில் மெதுவாக அடித்துக்கொண்டே போனேன். ஒன்றாவது போர்ட், ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதின் அடிப்பக்கம் குட்டிக் குட்டியாக நுரை பொங்கியது, தோசைக்கல்லில் மாவு கண் விடுவது போல. டார்ச் அடித்தேன். மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் போல்ட்டில் ஒன்று பாதியில் முறிந்திருந்தது. பேக்கிங் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி, கண் மை வழிந்தது போல ஒரு கறுப்புக் கோடு.

இரும்பு சூடானால் விரியும். விரிந்தால் இடுக்கு மூடிக்கொள்ளும். குளிர்ந்த என்ஜினில் அந்த இடுக்கு திறந்திருக்கும். புகை வெளியே போகும், சரி. காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்பீர்கள். புகை ஒரே சீராக ஓடுவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே பைப்பில் அழுத்தம் வெளியை விடக் குறைந்து, இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சும். அரை அடி தள்ளி நிற்கிற சென்சாருக்கு அந்த ஆக்ஸிஜன் தெரியும். லீன் என்று எழுதும். அது பொய்யே சொல்லவில்லை.

ஸ்டார்ட் செய்தோம். டிக் டிக் டிக் என்று சத்தம். நாலைந்து நிமிஷத்தில் அடங்கிவிட்டது. டீச்சரம்மா காபி டம்ளரோடு வாசலில் நின்று, "இது காலைல எப்பவும் இப்படித்தான். எனக்கு முட்டி வலிக்கிற மாதிரி அதுக்கும்னு விட்டுட்டேன்" என்றார். அவர் வண்டி போவது வீட்டிலிருந்து சர்ச், சர்ச்சிலிருந்து மார்க்கெட். எல்லாம் இரண்டு கிலோமீட்டர். என்ஜின் முழுசாகச் சூடாகும் முன்பே திரும்பிவிடும். கோடு தினமும் வராமல் மூன்று வாரம், இரண்டு மாதம் என்று இழுத்ததற்குக் காரணம், அழித்தவுடன் டிரிமும் பூஜ்யத்துக்குப் போய் மெல்ல ஏற வேண்டும். இரண்டு ட்ரிப்பில் அடுத்தடுத்துத் தப்பு தெரிந்தால்தான் விளக்கு எரியும். மகன் வந்து வேலூர் வரை ஓட்டிய வாரங்களில் எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கிறது. காலையில் ஏதாவது சத்தம் வருமா என்று பதினாலு மாதத்தில் எவனும் அவரைக் கேட்கவில்லை, நானும் சேர்த்து.

கழற்றிய சென்சாரைத் தூக்கிப் போடாதீர்கள்

முனையின் நிறம் பேசும். கரிக்கறுப்பு, தொட்டால் விரலில் ஒட்டும் என்றால் ரிச் ஓட்டம். அந்தக் காரணத்தைச் சரிசெய்தால் பல சமயம் சென்சார் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். பழுப்பு, சாம்பல் படிவு என்றால் ஆயில் எரிகிறது, ரிங்கையோ வால்வ் சீலையோ பார்க்காமல் புதுசு போட்டால் அதுவும் அதே கதி. பளீரென்று வெள்ளை, மாவு பூசியது போல இருந்தால் இரண்டு சந்தேகம். ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் உள்ளே போவது, அல்லது சிலிக்கான். வால்வ் கவரில் கண்ட சிலிக்கான் பேஸ்டைப் பிதுக்கி அப்புகிறார்களே, அதன் ஆவி உறிஞ்சப்பட்டு எரிந்து பீங்கானில் கண்ணாடி போலப் படியும். மந்தக் கோடு, பி0133, பல தடவை இப்படித்தான் பிறக்கிறது. டியூபில் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். மழையில் அண்டர்பாஸ் தண்ணீரில் இறக்கிய வண்டியில் படிவே இருக்காது. சூடான பீங்கான் தண்ணீர் பட்டு விரிசல் விட்டிருக்கும், குலுக்கினால் சில சமயம் கலகலவென்று கேட்கும்.

புதுசு வேண்டுமென்றே ஆனால், ஸ்பேர் பார்ட் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோட்டில் போய் "இந்த மாடலுக்கு ஆக்ஸிஜன் சென்சார்" என்று கேட்காதீர்கள். பழையதில் அடித்திருக்கும் பார்ட் நம்பரைக் காட்டிக் கேளுங்கள். உருவம் ஒன்றாக இருந்து ஹீட்டர் ஓம் வேறாக இருந்தால், மாட்டிய அன்றே பி0135 வரும். கடையிலேயே மீட்டர் வைத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கழற்றும்போது என்ஜின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், 22 நம்பர் ஸ்பேனர் அல்லது வயருக்கு வெட்டு விட்ட சாக்கெட். புதுசின் மரையில் கம்பெனியே பேஸ்ட் தடவி அனுப்பியிருந்தால் மேலும் தடவாதீர்கள். முனையில் பட்டால் அங்கேயே கெட்டது. 40 நியூட்டன் மீட்டர் பக்கம் முறுக்கினால் போதும். போட்டபின் என்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே, ஹெட்லைட்டும் ஏசியும் ஓடும்போது, வோல்டேஜ் பாருங்கள். 0.1-க்கு மேல் இருந்தால் எர்த் ஸ்ட்ராப் துருப்பிடித்திருக்கிறது. சென்சார் மொத்தமே ஒரு வோல்ட்டுக்குள் பேசுகிற ஆள், அதில் 0.1 என்பது சின்ன விஷயமில்லை.

ஓட்டிப் பார்க்க நான் எடுத்துப் போவது சில்க் போர்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போகிற மேம்பாலம். ஒரே வேகத்தில் பத்து கிலோமீட்டர் கிடைக்கிற இடம் இந்த ஊரில் வேறு எங்கே? சென்சாரை ஈசியூ பரிசோதிப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட சீரான ஓட்டத்தில்தான். ஸ்கேனரில் ஆக்ஸிஜன் சென்சார் மானிட்டர், ஹீட்டர் மானிட்டர் இரண்டும் "முடிந்தது" என்று வந்த பிறகே வண்டியைத் திருப்பிக் கொடுங்கள். விளக்கு எரியவில்லை என்பது மட்டும் போதாது. எந்த நிலையில் கோடு வந்ததோ அந்த நிலையிலும் ஓட்ட வேண்டும். டீச்சரம்மா வண்டியில் முறிந்த ஸ்டட்டை எடுத்து, மேனிஃபோல்டு முகத்தை சமன் செய்து, புது பேக்கிங் போட்ட பிறகு, மூன்று நாள் காலையில் குளிர்ந்த என்ஜினோடு சர்ச் வரை நானே ஓட்டிப் போனேன். டிரிம் பிளஸ் மூன்று.

பில் கொடுக்கும்போது என் மேஜை டிராயரில் ஏதோ தட்டுப்பட்டது. பதினாலு மாதம் முன்னால் நான் கழற்றிய சென்சார், வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்தது. வைஸில் பிடித்து, மீட்டர் மாட்டி, கேஸ் டார்ச்சில் முனையைச் சூடாக்கினேன். தீக்குள் ஆக்ஸிஜன் இருக்காது. நன்றாக இருக்கும் சென்சார் தீயில் 0.8-க்கு மேல் காட்டி, தீயை எடுத்ததும் ஒரு நொடியில் கீழே விழ வேண்டும். 0.86 காட்டியது. தீயை நகர்த்தினேன், 0.08. மறுபடி தீ, மறுபடி 0.86.

டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி மீட்டரைப் பார்த்தார். "அப்ப இது நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு டீச்சர்."

அன்றைக்கு அந்த சென்சாருக்கு வாங்கிய காசையும் கூலியையும் பில்லில் கழித்து, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லுவார் என நினைத்தேன். இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.